கைக்காய்ப்பு

கைக்காய்ப்பு என்பது தொடர்ச்சியான உராய்வு, அழுத்தம் ஆகியவற்றின் காரணமாக உள்ளங்கையிலும் விரல்களிலும் உள்ள மேற்றோல் தடித்துக் கடினமாவதைக் குறிக்கும். உழவர், கட்டிடத் தொழிலாளர், கல்லுடைப்போர், சுமை தூக்குவோர், உப்பளத் தொழிலாளர், மீனவர், பனையேறுவோர், தச்சர், கொல்லர் முதலியோரிடம் இது பரவலாகக் காணப்படுகின்றது. காய்ப்பு ஒரு நோயன்று. தோல் தன்னைத் தானே காத்துக்கொள்வதற்குச் செய்துகொள்ளும் ஏற்பாடாகும். எனினும், காய்த்த தோல் நீர்ப்பதத்தை இழந்து வறளும்போது அதில் வெடிப்புகள் தோன்றுகின்றன. வெடிப்பு வலியைத் தருவதோடு, நோய்க்கிருமிகள் உடலினுள் நுழையும் வழியாகவும் அமைகின்றது. நாட்கூலியாக உழைப்போருக்குக் கையில் ஏற்படும் ஆழமான வெடிப்பு என்பது வேலையிழப்பும் ஊதிய இழப்பும் ஆகும். ஆகவே, கைப் பராமரிப்பின் நோக்கம் காய்ப்பை முற்றாக நீக்குவதன்று. அதனை மெல்லியதாகவும் நெகிழ்ச்சியுள்ளதாகவும் வைத்திருந்து வெடிக்காமல் காப்பதாகும்.

சொல் வழக்கு

காய்த்தல் என்னும் வினைச்சொல் மரம் காய் ஈனுதலைக் குறிப்பதோடு, உராய்வினால் தோல் தடித்தலையும் குறிக்கின்றது. பேச்சு வழக்கில் "கை காய்த்துப் போயிற்று" என்பர். காய்ப்புடன் சேர்த்துக் குழப்பிக்கொள்ளப்படும் வேறு சில நிலைகளும் உண்டு. அவை பின்வருமாறு:

* கொப்புளம் - திடீரென ஏற்படும் கடும் உராய்வினால் மேற்றோலின் அடுக்குகள் பிரிந்து, இடையில் நீர் கோத்தல்.
* ஆணி - சிறிய இடத்தில் ஏற்படும் அழுத்தத்தினால் தோல் தடித்து, நடுவில் கூர்மையான கடின மையத்துடன் உள்நோக்கி அழுந்துதல். இது பெரும்பாலும் காலில் தோன்றும், அழுத்தினால் வலிக்கும்.
* வெடிப்பு - வறண்ட தோல், மடியும் இடங்களில் பிளத்தல்.

காய்ப்பு ஆணியைப் போன்று மையம் கொண்டதன்று; பரந்து காணப்படும். பொதுவாக வலியற்றது.

உள்ளங்கைத் தோலின் அமைப்பு

மனிதத் தோல் மேற்றோல், உட்தோல் என்னும் இரு முதன்மைப் பகுதிகளால் ஆனது. மேற்றோலின் அடிப்பகுதியில் உள்ள உயிரணுக்கள் தொடர்ந்து பிரிந்து பெருகுகின்றன. புதிய உயிரணுக்கள் பழையவற்றை மேல்நோக்கித் தள்ளுகின்றன. மேலே செல்லச் செல்ல இவை கெரட்டின் என்னும் புரதத்தால் நிரம்பி, தட்டையாகி, உயிரிழந்து, இறுதியில் செதில்களாக உதிர்கின்றன. இவ்வாறு அடியிலிருந்து மேற்பரப்பை அடைந்து உதிர்வதற்கு ஏறத்தாழ நான்கு வாரங்களோ அதற்குச் சற்றுக் கூடுதலான காலமோ ஆகின்றது. மேற்பரப்பில் உள்ள உயிரற்ற இவ்வடுக்கு கொம்புப்படலம் எனப்படும். காய்ப்பு என்பது இப்படலத்தின் தடிப்பே ஆகும்.

உள்ளங்கை, உள்ளங்கால் ஆகியவற்றின் தோல் உடலின் பிற பகுதிகளிலிருந்து மூன்று வகைகளில் வேறுபடுகின்றது. முதலாவதாக, இங்கு கொம்புப்படலம் இயல்பிலேயே மிகத் தடிப்பானது. இரண்டாவதாக, இங்கு மயிர்கள் இல்லை. மூன்றாவதாக, வியர்வைச் சுரப்பிகள் நிறைந்திருந்தாலும் எண்ணெய்ச் சுரப்பிகள் இல்லை. முகம், தலை முதலிய இடங்களில் தோலுக்குத் தானாகவே கிடைக்கும் எண்ணெய்ப் பூச்சு உள்ளங்கைக்குக் கிடைப்பதில்லை. மிகக் கடுமையான உழைப்பைத் தாங்கும் பகுதிக்கே இப்பாதுகாப்பு இல்லாதிருப்பது, உள்ளங்கை எளிதில் வறண்டு வெடிப்பதற்கான காரணங்களுள் ஒன்றாகும்.

காய்ப்பு தோன்றும் முறை

உராய்வின் அளவும் வேகமும் காய்ப்பு தோன்றுமா, கொப்புளம் தோன்றுமா என்பதை முடிவு செய்கின்றன. பழக்கமில்லாத ஒருவர் முதல் நாளிலேயே நெடுநேரம் மண்வெட்டி பிடித்தால் மேற்றோலின் அடுக்குகள் ஒன்றன்மீது ஒன்று வழுக்கிப் பிரிந்து கொப்புளம் உண்டாகின்றது. அதே வேலையைச் சிறிது சிறிதாகப் பல நாட்கள் செய்தால், அடிப்பகுதி உயிரணுக்கள் வழக்கத்தைவிட விரைவாகப் பெருகுகின்றன. மேற்பரப்பில் உள்ளவை முழுமையாக உதிர்வதுமில்லை. வரவு மிகுந்து செலவு குறைவதால் கொம்புப்படலம் தடிக்கின்றது. வேலையை நிறுத்தினால் தூண்டுதல் இல்லாமற் போவதால், சில வாரங்களிலோ மாதங்களிலோ காய்ப்பு தானே மறையத் தொடங்கும்.

காய்ப்பு இருக்கும் இடம் தொழிலுக்குத் தொழில் வேறுபடும். மண்வெட்டி, கடப்பாரை பிடிப்போருக்கு விரல்களின் அடிப்பகுதியில் வரிசையாகக் காய்ப்பு ஏற்படும். தையற்காரருக்குக் கத்தரிக்கோலின் வளையம் படும் பெருவிரலிலும், வீணை, கிதார் முதலிய நரம்பிசைக் கருவிகளை இசைப்போருக்கு விரல் நுனிகளிலும் ஏற்படும். பேனாவை அழுத்திப் பிடித்து நிறைய எழுதும் மாணவரின் நடுவிரலில் ஏற்படும் தடிப்பும் காய்ப்பே ஆகும்.

வெடிப்பு தோன்றும் முறை

கொம்புப்படலம் நெகிழ்ச்சியுடன் இருப்பதற்கு அதில் குறைந்தது 10 விழுக்காடு அளவு நீர் இருத்தல் வேண்டும். அதற்குக் கீழே சென்றால் அது காய்ந்த களிமண்ணைப் போல நொறுங்கும் தன்மையை அடைகின்றது. கையை விரித்து மடக்கும்போது, தடித்த பகுதிக்கும் மெல்லிய பகுதிக்கும் இடையிலும், ரேகைகளின் மீதும் பிளவு உண்டாகின்றது. பிளவு கொம்புப்படலத்தோடு நின்றுவிட்டால் வலி இராது. உட்தோலை எட்டினால் வலியும் குருதிக்கசிவும் ஏற்படும்.

இங்கு தெளிவாக உணர வேண்டிய ஒன்று உண்டு. தோலை மென்மையாக்குவது எண்ணெய் என்பதே பொதுவான எண்ணம். 1952ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளரான இர்வின் பிளாங்க் வெளியிட்ட ஆய்வு இதற்கு மாறான முடிவைத் தந்தது. உலர்ந்து விறைத்த கொம்புப்படலத் துண்டு எண்ணெயில் ஊறியபோது மென்மையாகவில்லை. நீரை ஏற்றபோதே நெகிழ்ந்தது. அதாவது, மென்மையாக்குவது நீர். அந்நீர் ஆவியாகிப் போகாமல் தடுப்பது எண்ணெய். வறண்ட கையில் அப்படியே எண்ணெய் பூசுவதைவிட, நனைத்த கையில் பூசுவது கூடுதல் பயன் தருவதற்கு இதுவே காரணமாகும்.

நீரே தோலை மென்மையாக்கும் எனினும், அடிக்கடி நனைந்து அடிக்கடி உலரும் கைகள் மேலும் வறள்கின்றன. ஒவ்வொரு முறையும் தோலில் இயற்கையாக உள்ள நீரீர்ப்புப் பொருட்களும் கொழுப்புகளும் கரைந்து வெளியேறுவதே இதற்குக் காரணம். பாத்திரம் துலக்குவோர், சலவைத் தொழிலாளர், துப்புரவுப் பணியாளர் ஆகியோரின் கைகள் நாள்தோறும் நீரில் இருந்தும் வெடிப்பதை இதனால் விளங்கிக்கொள்ளலாம். சவர்க்காரம் இதனை விரைவுபடுத்துகின்றது. தோலின் மேற்பரப்பு பி.எச் அளவு ஏறத்தாழ 5 என்னும் மென்காடித் தன்மை கொண்டது. வழக்கமான சவர்க்காரக் கட்டியோ பி.எச் 9 முதல் 10 வரையிலான காரத்தன்மை உடையது.

தொழில்வாரியான பாதிப்புகள்

கட்டிடத் தொழில்: ஈரச் சிமெந்து பி.எச் 12க்கும் மேற்பட்ட கடுங்காரம் ஆகும். இது தோலின் கொழுப்பைக் கரைத்து, நேரம் கூடினால் புண்ணையும் ஏற்படுத்தும். சிமெந்தில் சிறிதளவு காணப்படும் ஆறிணைதிறன் குரோமியம் சிலருக்கு ஒவ்வாமைத் தோலழற்சியை உண்டாக்குகின்றது. இவ்வொவ்வாமை ஒருமுறை ஏற்பட்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் நீடிக்கும். கொத்தனார் தொழிலையே கைவிட நேர்வதும் உண்டு. சிமெந்துடன் இரும்பு சல்பேட்டைக் கலந்தால் இக்குரோமியம் தீங்கு குறைந்த வடிவத்திற்கு மாறுகின்றது. டென்மார்க் 1983இலும், ஐரோப்பிய ஒன்றியம் 2005இலும், சிமெந்தில் இதன் அளவு பத்து இலட்சத்தில் 2 பங்குக்கு மேற்படக் கூடாது என விதித்தன.

உப்பளத் தொழில்: தூத்துக்குடி, வேதாரண்யம், மரக்காணம் முதலிய இடங்களில் உப்பளத் தொழிலாளர் செறிந்த உப்புநீரிலும் கடும் வெயிலிலும் வேலை செய்கின்றனர். செறிந்த உப்புநீர் தோலின் நீரை வெளியே இழுக்கின்றது. உப்புப் படிகங்களின் கூரிய விளிம்புகள் கீறல்களை ஏற்படுத்துகின்றன. வெடிப்பில் உப்புநீர் படுவதால் எரிச்சல் மிகுகின்றது.

உழவும் தோட்டத் தொழிலும்: மண், வைக்கோல் ஆகியவை தோலின் எண்ணெய்ப் பசையை உறிஞ்சுகின்றன. நீலகிரி, வால்பாறை, இலங்கையின் மலையகம் முதலிய இடங்களில் கொழுந்து பறிப்போரின் விரல்களில் ஈரமும் குளிரும் தேயிலைக் கறையும் சேர்ந்து வெடிப்பை ஏற்படுத்துகின்றன.

பனைத்தொழில்: மரத்தைத் தழுவி ஏறி இறங்குவதால் பனையேறுவோருக்கு உள்ளங்கையில் மட்டுமன்றி மார்பு, முன்கை, பாதம் ஆகிய இடங்களிலும் காய்ப்பு ஏற்படுகின்றது.

பட்டறைத் தொழில்: கைகளில் படிந்த கிரீசையும் வண்ணப்பூச்சையும் போக்க மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர் ஆகியவற்றால் கழுவும் வழக்கம் பரவலாக உள்ளது. இவை அழுக்கோடு தோலின் கொழுப்பையும் கரைத்து நீக்கிவிடுகின்றன. கிரீசைப் போக்கச் சமையல் எண்ணெயைத் தேய்த்துத் துடைத்து, பின்னர் மென்மையான சவர்க்காரத்தால் கழுவுவது பாதுகாப்பானது.

பராமரிப்பு முறை

காய்த்து வறண்ட கைகளுக்கான அன்றாடப் பராமரிப்பு எளியது. மிகுந்த செலவும் இல்லாதது. பணி முடிந்தபின், குறிப்பாக உறங்கச் செல்லுமுன், பின்வரும் வரிசையில் செய்யலாம்.

1. கழுவுதல் - மண், சிமெந்து, உப்பு ஆகியவை நீங்குமாறு மென்மையான சவர்க்காரத்தால் கழுவ வேண்டும்.
2. ஊறவைத்தல் - வெதுவெதுப்பான நீரில் 5 முதல் 10 நிமிடங்கள் கைகளை வைத்திருக்க வேண்டும். கொதிநீர் கூடாது, அது தோலின் கொழுப்பைக் கரைக்கும்.
3. தேய்த்தல் - வெடிப்பில்லாத தடித்த இடங்களை மட்டும் படிகக்கல்லால் அல்ல, மென்மையான நுரைக்கல்லால் இலேசாகத் தேய்க்கலாம். வாரத்திற்கு ஓரிரு முறை போதும். சிவப்போ வலியோ தோன்றும் அளவுக்குத் தேய்க்கக் கூடாது.
4. ஒற்றியெடுத்தல் - துணியால் அழுத்தித் துடைக்காமல், ஈரம் சிறிது எஞ்சியிருக்குமாறு ஒற்றியெடுக்க வேண்டும்.
5. பூசுதல் - ஈரம் உலருமுன், ஓரிரு நிமிடங்களுக்குள், களிம்பைப் பூச வேண்டும். விரல் இடுக்குகளையும் நகவிளிம்புகளையும் விட்டுவிடக் கூடாது.
6. மூடுதல் - வெடிப்பு மிகுந்திருந்தால், பூசியபின் பருத்திக் கையுறையோ பழைய பருத்திக் காலுறையோ அணிந்து உறங்கலாம்.

காய்ப்பை முற்றிலுமாகச் சீவி எடுத்துவிட்டு மறுநாள் அதே வேலைக்குச் செல்வது தவறாகும். பாதுகாப்பை இழந்த தோல் உடனே கொப்புளிக்கும். சவரக்கத்தியால் சீவுவது காயத்திற்கும் கிருமித்தொற்றிற்கும் இடமளிக்கும்.

களிம்புகளின் வகைகள்

கைகளுக்குப் பூசப்படும் பொருட்களை அவை செயற்படும் முறையைக் கொண்டு மூன்றாகப் பிரிக்கலாம்.

மூடுபொருட்கள்: இவை தோலின் மேல் படலமாக அமைந்து நீர் ஆவியாவதைத் தடுக்கின்றன. பெட்ரோலியக் களி, கம்பளிக்கொழுப்பு, தேன்மெழுகு, தாவர எண்ணெய்கள் ஆகியன இவ்வகையின. இவற்றுள் பெட்ரோலியக் களி மிகுந்த திறன் வாய்ந்தது, விலையும் குறைவு, நறுமணம் சேர்க்கப்படாததாயின் ஒவ்வாமை ஏற்படுவது அரிது. தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் ஆகியன இதனைவிடத் திறன் குறைந்தவை எனினும் எளிதில் கிடைப்பவை.

நீரீர்ப்பிகள்: இவை நீரை ஈர்த்துத் தோலில் தக்கவைக்கின்றன. கிளிசரின், யூரியா, இலாக்டிக் காடி ஆகியன இவ்வகையின. கலக்காத கிளிசரின் வறண்ட காற்றில் தோலிலிருந்தே நீரை இழுக்கக்கூடும் என்பதால், நீர் கலந்து பூசி, அதன்மேல் மூடுபொருளைப் பூசுவது நல்லது.

கரைபொருட்கள்: இவை கொம்புப்படலத்தின் பிணைப்பைத் தளர்த்தித் தடிப்பைக் குறைக்கின்றன. சாலிசிலிக் காடியும், செறிவு மிகுந்த யூரியாவும் இவ்வகையின. யூரியா 10 விழுக்காடு வரை ஈரப்பதமூட்டியாகவும், 20 முதல் 40 விழுக்காடு வரையிலான செறிவில் தடிப்பைக் கரைப்பதாகவும் செயற்படுகின்றது. திறந்த வெடிப்பில் பட்டால் எரியும். நீரிழிவு நோயாளர் மருத்துவரின் ஆலோசனையின்றிக் கரைபொருட்களைப் பயன்படுத்தக் கூடாது.

வயலுக்கு இடும் யூரியாவும் வேதியியல் முறையில் இதே சேர்மமே ஆகும். எனினும், உரமாக விற்கப்படுவது தோலில் பூசத்தக்க தூய்மை உடையதன்று.

களிம்புகளின் வரலாறு

கைகளுக்கான களிம்புகள் பலவற்றின் வரலாறு உழைப்பாளர்களின் அனுபவத்தோடு தொடர்புடையது. 1859ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் எண்ணெய்க் கிணறு தோண்டப்பட்டபோது, துளையிடும் தண்டுகளில் படிந்த மெழுகுபோன்ற கழிவைத் தொழிலாளர்கள் தம் வெட்டுக்காயங்களிலும் தீப்புண்களிலும் பூசிவந்தனர். இதனைக் கவனித்த வேதியியலாளர் ராபர்ட் செஸ்புரோ அதனைத் தூய்மைப்படுத்தி, 1872இல் வாசலீன் என்னும் பெயரில் காப்புரிமை பெற்றார்.

ஆட்டுக் கம்பளியிலிருந்து கிடைக்கும் கொழுப்பு பண்டைய கிரேக்க, உரோமானியக் காலத்திலிருந்தே மருந்தாகப் பயன்பட்டது. 1882இல் செருமனியைச் சேர்ந்த ஆஸ்கர் லீப்ரைக், ஓட்டோ பிரவுன் ஆகியோர் அதனைத் தூய்மைப்படுத்தி லனோலின் எனப் பெயரிட்டனர். 1899இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், கறவை மாடுகளின் மடியில் ஏற்படும் வெடிப்புக்காக பேக் பாம் என்னும் களிம்பு விற்பனைக்கு வந்தது. மாட்டுக்குப் பூசிய உழவர்கள் தம் கைகளும் மென்மையாவதைக் கண்டு, அதனைத் தமக்கும் பயன்படுத்தலாயினர்.

தமிழகத்தில் தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய், வேப்பெண்ணெய் ஆகியவற்றைப் பூசுவதும், மருதாணி அரைத்து இடுவதும் வழக்கில் உள்ளன. குங்கிலியப் பிசினையும் நல்லெண்ணெயையும் கொண்டு செய்யப்படும் குங்கிலிய வெண்ணெய் சித்த மருத்துவத்தில் புண்களுக்கும் வெடிப்புகளுக்கும் பூசப்படுகின்றது.

வெடிப்புக்கான மருத்துவம்

ஆழமற்ற வெடிப்பைக் கழுவி, களிம்பு பூசி, ஒட்டுத்துணியால் மூடி வைத்தால் சில நாட்களில் ஆறும். வேலையின்போது வெடிப்பின் இரு விளிம்புகளும் விலகாமல் ஒட்டுநாடாவைச் சுற்றிக்கொள்வது வலியைக் குறைக்கும். மண், சாணம் ஆகியவற்றில் வேலை செய்வோர் டெட்டனஸ் எனப்படும் இரணஜன்னிக்கு எதிரான தடுப்பூசியை 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை போட்டுக்கொள்ளுதல் வேண்டும். இந்நோயின் கிருமி மண்ணில் வாழ்வது. சிறிய வெடிப்பின் வழியாகவும் நுழையக்கூடியது.

பின்வரும் நிலைகளில் மருத்துவரை அணுகுதல் இன்றியமையாதது:

* வெடிப்பைச் சுற்றிச் சிவப்பு பரவுதல், சூடு, சீழ்
* கையிலிருந்து மேல்நோக்கிச் செல்லும் சிவந்த கோடு, அக்குளில் நெறிகட்டுதல், காய்ச்சல்
* இரு வாரப் பராமரிப்புக்குப் பின்னும் ஆறாத வெடிப்பு
* விரல்களில் மரத்துப்போதல், அல்லது நீரிழிவு நோய் இருத்தல்

உள்ளங்கைத் தடிப்பு எல்லாமே உழைப்பினால் வருவதன்று. காளாஞ்சகப்படை, பூஞ்சைத்தொற்று, மரபுவழி உள்ளங்கைத் தடிப்பு ஆகியவையும் இத்தகைய தோற்றத்தைத் தரும். ஒரு கையில் மட்டும் செதிலும் அரிப்பும் காணப்பட்டால் பூஞ்சைத்தொற்றாக இருக்கக்கூடும். நிலத்தடி நீரில் ஆர்செனிக் மிகுந்துள்ள மேற்கு வங்கம், வங்காளதேசம் ஆகிய பகுதிகளில், அந்நீரை நெடுங்காலம் பருகுவோரின் உள்ளங்கைகளிலும் உள்ளங்கால்களிலும் சிறுசிறு முண்டுகளாகத் தடிப்பு ஏற்படுகின்றது. உராய்வு படாத இடங்களிலும் தடிப்பு இருந்தால் அதனைக் காய்ப்பு என விட்டுவிடக் கூடாது.

விரல்ரேகை தேய்தல்

உடலுழைப்பின் மற்றொரு விளைவு விரல்ரேகைகள் தேய்தல் ஆகும். கல், செங்கல், சிமெந்து ஆகியவற்றைக் கையாளும்போது விரல் நுனியின் மேடுகள் தேய்கின்றன. வெடிப்புகள் அவற்றைக் குறுக்காக வெட்டுகின்றன. ரேகையின் வடிவம் கருவிலேயே மேற்றோலுக்கும் உட்தோலுக்கும் இடையிலான எல்லையில் அமைந்துவிடுவதால், மேற்பரப்பு தேய்ந்தாலும் அவ்வடிவம் அழிவதில்லை. ஓய்வும் பராமரிப்பும் கிடைத்தால் சில வாரங்களில் ரேகைகள் மீண்டும் தெளிவடைகின்றன.

இந்தியாவில் 2010ஆம் ஆண்டு முதல் ஆதார் எண் வழங்கப்பட்டு வருகின்றது. தமிழ்நாட்டு நியாயவிலைக் கடைகளில் 2020 முதல் விரல்ரேகை வழிச் சரிபார்ப்பு நடைமுறைக்கு வந்தது. கருவி ரேகையை ஏற்காததால் பொருளைப் பெற இயலாமல் திரும்பும் இடர் முதியோருக்கும் உடலுழைப்பாளருக்குமே மிகுதி. அதாவது, உழைத்துத் தேய்ந்த கையே உரிமையைப் பெறத் தடையாகின்றது. வேறொரு விரலை வைத்துப் பார்த்தல், கருவிழிப் பதிவு, முகப்பதிவு, கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல் ஆகியன ஆதார் முறையில் உள்ள மாற்று வழிகளாகும். முந்தைய இரவுகளில் களிம்பு பூசிவருவதும், பதிவுக்குமுன் கைகளைக் கழுவித் துடைப்பதும் ரேகை தெளிவாகப் பதிய உதவும். பதிவு செய்யும் வேளையில் எண்ணெய்ப் பசை இருத்தல் கூடாது; அது கருவியின் கண்ணாடியில் படிந்து ரேகையை மறைக்கும்.

தடுப்பு முறைகள்

* வேலைக்கேற்ற கையுறை அணிதல். சிமெந்துக்கும் நீர்வேலைக்கும் நீர்புகாக் கையுறையும், கல்வேலைக்குத் தோல் கையுறையும் ஏற்றவை. நீர்புகாக் கையுறையினுள் வியர்வை தேங்காதிருக்க மெல்லிய பருத்திக் கையுறையை உள்ளே அணியலாம்.
* கையுறையினுள் சிமெந்துச் சாந்து புகுந்துவிட்டால் உடனே கழற்றிக் கழுவுதல். உள்ளே தங்கிய காரம், வெறுங்கையில் படுவதைவிட மிகுந்த தீங்கை விளைவிக்கும்.
* துளைபொறி, கடைசல் எந்திரம் முதலிய சுழலும் எந்திரங்களில் கையுறை அணியாதிருத்தல். கையுறை சிக்கினால் கையையும் இழுத்துக்கொள்ளும்.
* கருவிகளின் பிடியை வழவழப்பாக இழைத்தல். மெல்லிய பிடிகளுக்குத் துணியோ இரப்பரோ சுற்றித் தடிமனாக்குதல். அழுத்தம் பரவலாவதால் காய்ப்பு குறையும்.
* புதிதாக வேலை தொடங்குவோர் முதல் சில நாட்கள் இடைவெளிவிட்டு வேலை செய்தல்.
* வேலைக்குச் செல்லுமுன் சிறிதளவு களிம்பு பூசிக்கொள்ளுதல். இது கையுறைக்கு மாற்றாகாது.

இவற்றையும் பார்க்க

* தோல்
* கெரட்டின்
* கொப்புளம்
* விரல்ரேகை
* பெட்ரோலியக் களி
* இரணஜன்னி